நேர்வழியும் சுற்றுவழியும்: காஞ்சிபுரம் – சென்னைப் பயணத்தின் வரலாறு

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் தென்மேற்கே ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் போகும் சாலையின் கணக்கு இது. ரயிலில் போனால் கணக்கு மாறும். செங்கல்பட்டைச் சுற்றிப் போனாலும் சரி, அரக்கோணத்தைச் சுற்றிப் போனாலும் சரி, பயணம் 90 கி.மீ.யைத் தாண்டி நூறை நெருங்குகிறது. சென்னை, காஞ்சி, அரக்கோணம் என்று மூன்று புள்ளிகளை வைத்துக் கோடிட்டால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அரக்கோணத்துக்குப் பதிலாகச் செங்கல்பட்டை வைத்தாலும் முக்கோணமே. இரண்டுக்கும் பொதுவான பக்கம் சாலை. மற்ற பக்கங்களில் இருப்புப்பாதை ஓடுகிறது. காஞ்சிக்கும் சென்னைக்கும் இடையே மக்கள் எதில் ஏறிப் போனார்கள், சரக்கு எதில் வந்தது என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்த வடிவத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

சென்னை என்ற நகரம் உருவாவதற்கு மிக முன்பே காஞ்சிக்கு வழிகள் இருந்தன. அந்த வழிகளைப் பற்றிய மிகப் பழைய விரிவான சித்திரம் பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கிடைக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பாட்டு அது. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்குக் கச்சிக்குப் போகும் வழியைச் சொல்கிறான். ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. வழியில் எந்த நிலம் வரும், அங்கு யார் இருப்பார்கள், என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒன்றுவிடாமல் சொல்லும் இந்தப் பாட்டைத் தமிழின் முதல் பயண வழிகாட்டிகளில் ஒன்றாகவும் படிக்கலாம்.

அதில் வரும் போக்குவரத்து இரண்டு வகை. உப்பு விற்கும் உமணர்கள் மாட்டு வண்டிகளில் வரிசையாகப் போகிறார்கள். கைக்குழந்தையோடு பெண் வண்டியை ஓட்ட, ஆண்கள் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். மிளகு மூட்டை சுமந்த கழுதைகளோடு வணிகர் கூட்டம் இன்னொரு புறம் போகிறது. அவர்கள் போகும் பெருவழியில் சுங்கம் வாங்கப்பட்டது. அதற்குக் காவலும் இருந்தது. வண்டி போகக்கூடிய தரையில் வண்டி, கல்லும் மேடுமான தடத்தில் கழுதை என்ற பிரிவினை அக்காலத்திலேயே தெளிவாக இருந்திருக்கிறது. பாட்டில் வரும் வழி நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைத் தொட்டு, அங்கே கப்பல்களை அழைக்கும் கலங்கரை விளக்கத்தைக் காட்டி, திருவெஃகா வழியாகக் காஞ்சிக்குள் நுழைகிறது.

காஞ்சி கடற்கரை ஊரல்ல. ஆனாலும் பல நூற்றாண்டுகளுக்கு அது கடலோடு உறவாடிய ஊர். ஏழாம் நூற்றாண்டின் நடுவே இங்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு, காஞ்சியைத் தென்கடலின் வாயில் என்கிறது. இங்கிருந்து சிங்களத்துக்குக் கப்பலில் மூன்று நாள் பயணம் என்றும் சொல்கிறது. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊரை அந்த நூல் துறைமுகம்போலச் சொல்லக் காரணம், பல்லவர்களின் மாமல்லபுரம் காஞ்சியின் கடல் வாசலாக இருந்ததுதான். அன்றைய காஞ்சியின் முகம் தென்கிழக்கே, பாலாறு கடலில் சேரும் பக்கம் பார்த்திருந்தது. பின்னாளில் சென்னை எழுந்த வடகிழக்குக் கரையில் அப்போது மயிலாப்பூர் போன்ற ஊர்களே இருந்தன.

வடகிழக்கு வழியும் காலியாகக் கிடக்கவில்லை. அதில் நடந்த கால்களைப் பற்றி வைணவ மரபு பல கதைகளைச் சொல்கிறது. பூவிருந்தவல்லியில், அதாவது இன்றைய பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள், அங்கிருந்து பூக்களைச் சுமந்து காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார் என்பது குருபரம்பரைக் கதை. அவரைக் குருவாகப் போற்றிய இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் இந்த வழியின் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. தெற்கு வழிக்கும் ஒரு கதை உண்டு: காஞ்சியிலிருந்து திருவரங்கம் நோக்கிக் கிளம்பிய இராமானுசரும், அவரை அழைத்துப்போகக் காஞ்சி நோக்கி வந்த பெரிய நம்பியும் மதுராந்தகத்தில் எதிரெதிரே சந்தித்தார்கள் என்று அதே மரபு சொல்கிறது. முன்தகவல் அனுப்ப வழியில்லாத காலத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தேடிக் கிளம்பி நடுவழியில் சந்திக்க முடிந்தது. போக ஒரே பெருவழிதான் இருந்தது என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

1639-க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரையில் கோட்டை கட்டிய பின் காஞ்சியின் முகம் மெல்ல வடகிழக்கே திரும்பியது. ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் சென்னையிலிருந்து ஆற்காட்டுக்குப் போகும் சாலையில் காஞ்சி முக்கியமான தங்குமிடமாயிற்று. இந்தச் சாலையில் பயணம் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லும் பதிவுகள் படைக் குறிப்புகளிலிருந்து வருகின்றன. ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பிய வீரர்களோடும் 300 சிப்பாய்களோடும் 1751 ஆகஸ்ட் 26 அன்று சென்னையை விட்டுக் கிளம்பினார். 29 அன்று காஞ்சியில் இருந்தார். மூன்று நாள். அவசரமாகப் போன படையின் வேகம் இது. ஒரு நாளைக்கு 25 கி.மீ. அளவு. சுமையோடு போகும் மாட்டு வண்டி இதற்குச் சற்று முன்னே பின்னே இருந்திருக்கும். அடுத்த கட்டத்தில் இடியும் மழையுமாக இருந்தபோதும் படை நிற்காமல் நடந்த செய்தியைக் கேட்டே ஆற்காட்டுக் கோட்டைக் காவலர்கள் கோட்டையைக் காலிசெய்துவிட்டார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள்.

வேகம் ஒருவருக்குக் கோட்டையை வாங்கித் தந்தது என்றால், தாமதம் இன்னொரு படையை முழுக்க அழித்தது. 1780-ல் ஹைதர் அலி கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியபோது கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோவின் படை பரங்கிமலையிலிருந்து காஞ்சிக்கு வந்தது. வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை காஞ்சியில் அதோடு சேர வேண்டும். பெய்லி ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றை அடைந்தார். ஆற்றைக் கடக்காமல் வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. வெள்ளம் வடிந்து படை கரையேறுவதற்குள் செப்டம்பர் பிறந்துவிட்டது. செப்டம்பர் 10 அன்று, காஞ்சிக்கு மிக அருகே புள்ளலூரில், ஹைதரும் திப்புவும் அந்தப் படையை நிர்மூலமாக்கினார்கள். காஞ்சியில் காத்திருந்த மன்றோ, இழுத்துக்கொண்டு போக முடியாத கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கினார். பூந்தமல்லிச் சாலையில் கொசஸ்தலையைப் போன்ற அகன்ற ஆறு எதுவும் குறுக்கிடுவதில்லை என்பது எவ்வளவு பெரிய வசதி என்பதைப் பெய்லியின் பத்து நாள் சொல்லும்.

சாதாரணப் பயணிகள் போர்க் குறிப்புகளில் இடம்பெறவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற தடம் ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. சுங்குவார்சத்திரம் என்ற பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. நடந்து போகிறவர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் இராத்தங்க இடம், சமைக்கக் கல் அடுப்பு, மாட்டுக்குத் தண்ணீர், நிழலுக்குப் புளிய மரம், தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்ற மார்பளவு உயரத்தில் நட்ட சுமைதாங்கிக் கல். சாலை என்பது தரை மட்டுமல்ல; இவையெல்லாம் சேர்ந்ததே சாலை. வசதி உள்ளவர்கள் பல்லக்கில் போனார்கள். பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு வழியில் ஆள் மாற்ற ஏற்பாடு செய்திருந்தால் இரவெல்லாம் போகலாம். கூண்டு வண்டிக்காரர்களும் வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே ஓட்டினார்கள். பொழுது சாயக் கிளம்பி, மாடு தன் போக்கில் நடக்க, வண்டிக்காரர் கண் அயர, விடியும்போது ஸ்ரீபெரும்புதூரோ பூந்தமல்லியோ வரும். வண்டிப் பயணத்தை மக்கள் மணிக்கணக்கில் அளக்கவில்லை. எத்தனை இராத்திரி என்றே கணக்கிட்டார்கள்.

தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. ராயபுரத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடிய பாதை அது. சென்னையையும் ஆற்காட்டையும் இணைப்பதே அதன் நோக்கம். நூறாண்டுகளாக அந்த இரண்டு ஊர்களையும் இணைத்த சாலை காஞ்சி வழியாகவே போனது. ரயில் காஞ்சியை விட்டு வடக்கே ஒதுங்கிப் போயிற்று. கோயில்களால் நாடெங்கும் அறியப்பட்ட, நெசவால் வாழ்ந்த ஒரு பெரிய ஊர், தென்னாட்டின் முதல் ரயிலிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தள்ளி நின்றுபோனது. காஞ்சியின் போக்குவரத்து வரலாற்றில் மிக நீண்ட நிழலை விழவைத்த முடிவு இதுதான். அதன் பிறகு அமைந்த எந்தப் பாதையும் இந்த விலகலை நேராக்கவில்லை. அதற்கு ஒட்டுப் போட்டவையே.

முதல் ஒட்டு ஒன்பது ஆண்டுகளில் வந்தது. இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு 19 மைல் நீளத்தில் ஓர் இலகு ரயில்பாதையை அமைத்து 1865 மே மாதம் திறந்தது. தண்டவாளங்களுக்கு இடையே மூன்றரை அடி. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மூன்றரை அடியில் ரயில் ஓடத் தொடங்கியது. ஏழாண்டுக்குப் பின் ஜப்பான் தன் முதல் ரயிலுக்கும் இதே அளவைத் தேர்ந்துகொண்டது. அந்த நாடுகளில் அது பெரிய வலைப்பின்னலாக வளர்ந்தது. அரக்கோணத்திலோ சென்னையிலிருந்து வரும் பாதை ஐந்தரை அடி அகலம். ஒன்றின் பெட்டி மற்றொன்றில் ஏறாது. பயணி இறங்கி மாற வேண்டும். ஒவ்வொரு மூட்டையையும் கூலியாள் தோளில் தூக்கி மாற்ற வேண்டும்.

சென்னைக்குப் போகிறவருக்கு இந்தப் பாதை சுமாரான வசதியே. வடமேற்கே போய், ரயில் மாறி, பிறகு கிழக்கே திரும்ப வேண்டும். இருந்தாலும் மூன்று நாள் பயணம் ஒரு பகலுக்குள் சுருங்கியது. காஞ்சியின் தறிகளை வைத்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. அரக்கோணம் வெறும் சென்னை வழி நிலையமாக நின்றுவிடவில்லை. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பாதை திறந்தாயிற்று. 1871-ல் சென்னை–பம்பாய்ப் பாதை ராய்ச்சூரில் இணைந்து முழுமையானது. அந்தப் பாதை பிரிவதும் அரக்கோணத்தில்தான். காஞ்சிப் பட்டுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் இரண்டு. பட்டு நூல் மைசூர்ச் சீமையிலிருந்து வருவது. ஜரிகை சூரத்திலிருந்து வருவது. ஒன்று மேற்கு, மற்றொன்று வடமேற்கு. இரண்டு திசைப் பாதைகளும் கூடும் இடத்திலிருந்து 19 மைலில் காஞ்சி. அதுவரை பருத்தி நெசவுக்கும் பெயர்பெற்றிருந்த ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுச் சேலையின் ஊராக வளர்ந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. பக்கத்தில் பட்டுப்பூச்சி வளராத, ஜரிகை இழுக்காத ஒரு ஊர் இந்த இரண்டையும் தன் அடையாளமாக்கிக்கொண்டதில் அரக்கோணத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. பயணிக்குச் சுற்றுவழியாக இருந்தது பாவுக்கும் ஊடைக்கும் நேர்வழியாக இருந்தது.

டிராம்வே கம்பெனி சில ஆண்டுகளில் கர்நாட்டிக் ரயில்வே என்று பெயர் மாறி, 1870-களில் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயோடு இணைந்து தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆயிற்று. புதிய கம்பெனியின் பாதைகள் மீட்டர் கேஜ். அரக்கோணம்–காஞ்சிப் பாதையும் 1878-ல் மீட்டர் கேஜாக மாற்றப்பட்டது. பிறகு வாலாஜாபாத், பழையசீவரம், பாலூர் வழியாகச் செங்கல்பட்டு வரை நீண்டது. தண்டவாளத்தின் அகலம் மூன்றரை அடியிலிருந்து சில அங்குலம் குறைந்தது, அவ்வளவே. அந்தச் சில அங்குலத்தில் காஞ்சியின் திசையே திரும்பியது. செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் போகும் பாதையும் மீட்டர் கேஜ் என்பதால் அந்தப் பக்கம் வண்டி அகலம் மாறாமல் போகலாம். அரக்கோணத்தில் மாறும் தொல்லை அப்படியே நின்றது. வடக்கே பார்த்திருந்த காஞ்சிப் பயணி இப்போது தென்கிழக்கே பார்க்கத் தொடங்கினார். 1908-ல் எழும்பூர் நிலையம் கட்டிமுடிந்த பின் காஞ்சிக்காரர்களுக்குச் சென்னை என்றால் எழும்பூர்.

அரசு அலுவலகமும் இந்தத் திசையையே வலுப்படுத்தியது. காஞ்சி அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம் 1859 முதல் 1968 வரை சைதாப்பேட்டையில் இருந்தது. காஞ்சியில் நிலப்பிரச்சினை என்றாலும், மனு கொடுக்க வேண்டும் என்றாலும் கலெக்டரைப் பார்க்க சைதாப்பேட்டைக்குப் போக வேண்டும். நூறாண்டுக்கு மேல் இது நீடித்தது. சைதாப்பேட்டை நிலையம் செங்கல்பட்டு வழியிலேயே இருக்கிறது. அதே வழியில் மாம்பலமும் இருக்கிறது. 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவானது. காஞ்சியிலிருந்து வந்த நல்லி சின்னசாமி செட்டி 1928-ல் அங்கே பட்டுக்கடை திறந்தார். காஞ்சிச் சேலையின் பெரிய சந்தை அந்தத் தெருக்களில் வளர்ந்தது. காஞ்சிக்கும் சென்னைக்கும் இடையே போன சரக்குகளில் பட்டுச் சேலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: விலை அதிகம், எடை குறைவு. நெல்லைப்போல வண்டி கட்ட வேண்டாம், வேகன் பிடிக்க வேண்டாம். ஒரு துணி மூட்டையில் பல நெசவாளர்களின் மாதக்கணக்கான உழைப்பை ஒரே ஆள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வரலாம். இப்படிப்பட்ட சரக்குக்கு எது மலிவு என்பதைவிட எது சீக்கிரம், எது கைவிட்டுப் போகாமல் கொண்டுபோகும் என்பதே முக்கியம். பிற்பாடு பேருந்து ரயிலை வென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகும் பயணம் முடியவில்லை. பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என்று ஊர் இரண்டாகக் கிடக்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் ஒரு பக்கம். வரதராஜப் பெருமாள் கோயில் சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பக்கம். இந்த இடைவெளியை நிரப்பியது ஜட்கா. வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரித்த குதிரை வண்டி. வைகாசி கருட சேவைக்கு வரும் கூட்டம் விடியற்காலை நிலையத்தில் இறங்கிப் பெருமாள் கோபுர வாசலில் நிற்க வேண்டும். ஜட்காக்காரருக்கு ஆண்டின் பெரிய வருமானம் அந்நாளில். சைக்கிள் ரிக்‌ஷாவும் பிறகு ஆட்டோவும் வந்த பின் ஜட்கா மறைந்தது.

மோட்டார்ப் பேருந்து வந்ததும் பழைய நேர்வழிக்கு உயிர் வந்தது. தமிழ்நாட்டில் 1910-களில் தனியார் பேருந்துகள் ஓடத் தொடங்கின, டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரைப் பக்கம் 1912-ல் தொடங்கிய சேவை அவற்றில் புகழ்பெற்றது. அடுத்த இருபது ஆண்டுகளில் மாகாணமெங்கும் சாலைகளில் பேருந்து ஓடியது. காஞ்சி–சென்னை வழியில் பேருந்துக்கு இருந்த சாதகம் கணக்கிலேயே தெரிகிறது: ரயிலைவிட 20 கி.மீ. குறைவு, நடுவில் இறங்கி மாற வேண்டாம், ஸ்ரீபெரும்புதூரிலும் பூந்தமல்லியிலும் ஏறி இறங்கலாம். ரயில் தொடாத அந்த ஊர்களுக்குப் பேருந்தே ஒரே இயந்திர வாகனம். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் பேருந்துகளின் பின்புறம் கரி அடுப்பைப் பொருத்தி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். வண்டி கிளம்பக் கரியைப் பற்றவைத்து, காற்றூதிக் காத்திருக்க வேண்டும். மேட்டில் ஏறத் திணறும். இந்த ஆண்டுகளில் ரயில் மீண்டும் மேலோங்கியது. போர் முடிந்து பெட்ரோலும் டீசலும் வந்ததும் பழையபடி சாலை வென்றது.

1968 ஜூலை 1 அன்று மாவட்டத் தலைமையிடம் சைதாப்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு மாறியது. காஞ்சியில் பிறந்து, அங்கிருந்தே 1942-ல் ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கிய சி.என். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்த காலம் அது. போக்குவரத்துக்கு இதன் பொருள் எளிமையானது: நூறாண்டாகக் காஞ்சியிலிருந்து மனுவோடு போன கூட்டம் நின்றது, மாவட்டத்தின் மற்ற ஊர்களிலிருந்து மனுவோடு வருகிறவர்கள் காஞ்சிக்கு வரத் தொடங்கினார்கள். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து காஞ்சிக்குப் பேருந்து தேவைப்பட்டது. 1970-களில் தமிழ்நாட்டில் பேருந்துகள் அரசுடைமை ஆகி, தலைவர்கள், மன்னர்கள் பெயரில் போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. 1997-ல் அந்தப் பெயர்கள் நீங்கி பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. சென்னையில் காஞ்சிப் பேருந்தைப் பிடிக்கும் இடம் பல ஆண்டுகள் பாரிமுனை. 2002-ல் கோயம்பேட்டில் புதிய நிலையம் திறந்ததும் அது நகரத்தின் மேற்கு விளிம்புக்கு நகர்ந்தது. பூந்தமல்லிச் சாலைக்கு அருகிலேயே நிலையம் இருப்பதால் காஞ்சிக்காரர்களுக்கு நெரிசல் மிகுந்த நகரப் பகுதி முழுதும் மிச்சமாயிற்று. பாரிமுனையில் வேலை உள்ளவருக்கோ இன்னொரு பேருந்து கூடுதல் ஆயிற்று.

சாலையும் அகன்றது. மும்பை, புணே, பெங்களூர், சென்னையை இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 4, இப்போது 48, இந்த வழியாகவே போகிறது. 1999-ல் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டத்தில் அது நான்குவழிச் சாலை ஆயிற்று. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பகுதியில் 1990-களின் பிற்பாதியிலிருந்து கார் ஆலைகளும் மின்னணு ஆலைகளும் வந்தன. பழைய சத்திரச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டின. கம்பெனிப் பேருந்துகள் விடியற்காலையில் காஞ்சித் தெருக்களிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. தறிக்குழியில் கால் இறக்க வேண்டிய பிள்ளைகள் பலர் அந்தப் பேருந்தில் ஏறிவிட்டார்கள் என்ற பேச்சு காஞ்சியின் நெசவுக் குடும்பங்களில் கேட்காத வீடு இல்லை. சேலையைச் சந்தைக்குக் கொண்டுபோன சாலையே நெசவாளர் வீட்டுப் பிள்ளையைத் தறியிலிருந்து கூட்டிப்போனது. இது வருத்தத்துக்குரியது, ஆனால் மாதச் சம்பளத்தின் நிச்சயத்தோடு தறிக் கூலியை ஒப்பிட்டுப் பார்த்தவர் யாரும் அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது.

ரயில் பின்தங்கினாலும் நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிச் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதை அகலப்பாதை ஆனது, பின்பு மின்மயமானது. சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு, காஞ்சி வழியாகத் திருமால்பூர் வரை மின்ரயில் ஓடுகிறது. பழைய நிலையத்தோடு காஞ்சிபுரம் கிழக்கு என்ற நிலையமும் சேர்ந்தது. தக்கோலத்துக்கும் அரக்கோணத்துக்கும் இடையே மட்டும் மின்ரயில் நெடுநாள் போகவில்லை. அங்கே பாதை ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளத்தின் ஓடுபாதைக்கு அருகில் போனதால் மின்கம்பிகள் விமானங்களுக்கு இடையூறாகும் என்ற சிக்கல். பாதையை விலக்கி அமைத்த பிறகு, 2019-ல் கடற்கரையில் கிளம்பி செங்கல்பட்டு, காஞ்சி, அரக்கோணம், பெரம்பூர் வழியாகக் கடற்கரைக்கே திரும்பும் வட்டப்பாதை ரயில் ஓடத் தொடங்கியது. சுற்று ஏறத்தாழ 235 கி.மீ. 1865-ல் வடக்கே பார்த்த பாதையும் பிறகு தென்கிழக்கே திரும்பிய பாதையும் அந்த ஒரே வண்டியில் சேர்ந்தன.

இன்று பேருந்தில் காஞ்சியிலிருந்து கோயம்பேட்டுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். நெரிசல் இருந்தால் கூடும். மின்ரயிலில் கடற்கரைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். கட்டணத்தில் ரயில் மிக மலிவு. மாதச் சீட்டு வாங்கித் தினமும் தாம்பரம், கிண்டிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே கைகண்டது. நகரின் தெற்குப் பகுதிக்குப் போகிறவருக்குச் செங்கல்பட்டுச் சுற்று அவ்வளவு சுற்றும் அல்ல. மேற்குப் பகுதிக்கும் வடக்குக்கும் பேருந்து. ஆக, எது நல்லது என்ற கேள்விக்கு விடை சென்னையின் எந்த மூலைக்கு என்பதைப் பொறுத்தது. சென்னை தெற்கிலும் மேற்கிலும் இத்தனை பரவாத காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எல்லாப் போக்குவரத்தையும் ஒரேயடியாகச் சோதித்துப் பார்த்தது அத்திவரதர் வைபவம். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி மரத் திருமேனி நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளும். 1979-ல் எழுந்தருளியபோது காஞ்சிக்கு மீட்டர் கேஜ் ரயிலும், இருவழிச் சாலையில் பேருந்தும். 2019-ல் ஜூலை 1 முதல் 48 நாள். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்ததாக அரசுத் தரப்பு கணக்கிட்டது. வெளியூர் வாகனங்களை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, ஒலிமுகமதுபேட்டை, ஓரிக்கை போன்ற இடங்களில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து, அங்கிருந்து சிறு பேருந்துகளில் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். சிறப்பு ரயில்களும் விடப்பட்டன. அப்படியும் நெரிசலில் உயிர்கள் போயின. சென்னையிலிருந்து காஞ்சி எல்லை வரை நான்குவழிச் சாலை கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து சந்நிதி வரையான தெருக்கள் பழைய தேரோடும் அளவிலேயே இருந்தன.

அந்தத் தெருக்களிலிருந்து இன்னும் கால்நடையாகவே ஊர் தாண்டிப் போகும் ஒரு பயணமும் இருக்கிறது. பொங்கலை ஒட்டி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரத்துக்கு எழுந்தருளுகிறார். திருவடிதாங்கிகள் தோளில் சுமக்க, வாலாஜாபாத் வழியாகப் பாலாற்றங்கரைக் குன்றுக்கு இருபது கிலோமீட்டர் அளவுள்ள வழி. செங்கல்பட்டு ரயில்பாதை போகும் வழியும் ஏறக்குறைய அதுதான். வழி நெடுக ஊர் ஊராக மண்டகப்படி. ஒவ்வோர் இடத்திலும் நின்று நின்று போவதே அந்தப் பயணம். வண்டியும் ரயிலும் வருமுன் காஞ்சியிலிருந்து வெளியூர் போவது எப்படி இருந்தது என்பதை அறிய விரும்புகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

2022-ல் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பரந்தூர் தேர்வு செய்யப்பட்டது. நிலமும் ஏரியும் பறிபோகும் என்று ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர் மக்கள் அன்றிலிருந்து எதிர்த்து வருகிறார்கள். அதையொட்டி, சென்னையின் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை திட்டமிட்ட மெட்ரோ ரயில்பாதையை ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூருக்கு நீட்டும் திட்டமும் வரையப்பட்டிருக்கிறது. அது நிறைவேறினால், 1856-ல் வடக்கே ஒதுங்கிப் போன ரயில் முதன்முறையாகப் பழைய சத்திரச் சாலையின் ஓரத்துக்கு வரும். காஞ்சி நகரத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடும்.